ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பள்ளிக்கூடம்

"உண்மையைச் சொல்லுங்க மருது. பிள்ளைங்களை எடை மெஷின்ல நிறுத்துனீங்களா, இல்ல உட்கார்ந்த இடத்துலயே எழுதிட்டீங்களா?"

கார் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு வண்டியூருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியது தமிழ்வாணி. பக்கத்து இருக்கையில், மடியில் எடை மெஷினோடு அவளுடைய கள உதவியாளர் மருது.

"ஒவ்வொரு பிள்ளையையும் ஏத்தி எறக்கித்தான் மேடம் எழுதுனேன். செருப்பைக்கூடக் கழட்டச் சொல்லி."

"அப்புறம் எப்படி அந்தப் பிள்ளைங்களும் இளைச்சாங்க? யார் நம்புவா?"

மருது எடை நோட்டை எடுத்துப் பிரித்தார்.

குழந்தைகளின் உடல் பருமன் பற்றி தமிழ்வாணி எழுதி வெளிவந்த கட்டுரைகள் முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதும் வந்துவிட்டால் பேராசிரியர் பதவி அவளுக்குத்தான் என்று கல்லூரியில் பேச்சு. டிசம்பரில் நேர்காணல்.

அந்தக் கட்டுரைக்காக இரண்டு பள்ளிகளை எடுத்திருந்தாள். காளவாசல் பள்ளியில், எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று ஒரு வருடம் பாடம். வண்டியூர்ப் பள்ளியில் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. எடை மட்டும் எடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க.

வருடக் கடைசியில் இரண்டு பள்ளியிலும் குண்டுப் பிள்ளைகள் ஒரே அளவுக்கு இளைத்திருந்தார்கள். 'பாடம் கேட்காதவர்களும் இளைத்திருக்கிறார்களே, அப்படியென்றால் உங்கள் பாடத்தால் என்ன பயன்?' என்று கேட்டு, ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"இன்னைக்கு என் கண்ணு முன்னால நிறுங்க. கணக்கு தப்பா இருந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

"சரிங்க மேடம்."

வண்டியூர்ப் பள்ளிக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

பத்துப் பிள்ளைகளை எடை போட்டார்கள். மருது எழுதிய எண்களோடு எல்லாம் ஒத்துப்போயின. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நோட்டை மூடி அவரிடம் நீட்டினாள். இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள். உட்காரப் பிடிக்காமல் அவளும் பின்னாலேயே போனாள்.

வாசலில் ஒரு தள்ளுவண்டி, அதன் பின்னால் ஒரு பெண். அவித்த கடலை, வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா, நெல்லிக்காய்.

"எப்பவும் இதுதான் விக்கிறீங்களா?"

"இல்லக்கா. போன ஆடி வரைக்கும் பஜ்ஜி, போண்டாதேன். இந்தப் பாண்டிமீனா போட்ட பஜ்ஜின்னா தெப்பக்குளம் வரைக்கும் பேரு."

தமிழ்வாணிக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் இதுதான் காரணம். இங்கே பஜ்ஜி திரும்பி வந்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எடை எடுத்தால் கட்டுரை பிழைத்துவிடும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு மூணு மாசத்துக்குப் பழையபடி பஜ்ஜி போடுங்களேன். பிள்ளைங்க ஆசைப்படுறாங்க."

"அதுக ஆசைப்படும். நாம போட்டுக் குடுக்கலாமா?"

பாண்டிமீனா ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"இந்தா பாருங்க. பொட்டலம் மடிக்க, பழைய பேப்பர் கடையில கட்டுக் கட்டா வாங்குனது. அஞ்சாப்புப் பிள்ள ஒண்ணு பஜ்ஜியத் தின்னுக்கிட்டே இதை எனக்கு வாசிச்சுக் காட்டுச்சு. எண்ணெய்ப் பலகாரம் தின்னு ஒடம்பு போட்டா, சின்ன வயசுலயே சக்கரை வரும்னு போட்டிருக்காம். எனக்கு வேர்த்துப்போச்சு. நம்ம கையால இம்புட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கமேன்னு. அன்னைக்கு எறக்குனதுதேன் சட்டிய. யாவாரம் பாதியாப் போச்சு. போகட்டும்."

தாளைப் பார்த்ததும் தமிழ்வாணிக்குத் தெரிந்துவிட்டது. காளவாசல் பிள்ளைகளுக்காக அவள் எழுதி அச்சடித்த பாடம். மிஞ்சிய கட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னதும் அவள்தான்.

இருந்தும் வாய் கேட்கவில்லை.

"மூணு மாசந்தானேம்மா. அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

பாண்டிமீனாவின் முகம் மாறியது.

"யக்கா, இதை எழுதுனவுக எம்புட்டுப் பெரிய டாக்டரம்மா! முகம் தெரியாத பிள்ளைகளுக்காக உக்காந்து எழுதியிருக்காக. அவுக சொல்லைக் கேக்கவா, நீங்க சொல்றதைக் கேக்கவா?"

எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு மருது அப்போதுதான் வாசலுக்கு வந்தார். பாண்டிமீனா அவர் பக்கம் திரும்பினாள்.

"மருதண்ணே, யாரு இவுக? பிள்ளைகளுக்குப் பஜ்ஜி போடச் சொல்றாக. உங்ககூட வந்தவுகளா?"

பிரித்த தாளின் அடியில் இருந்த பெயரை மருது படித்தார். டாக்டர் தமிழ்வாணி. பிறகு தலைகுனிந்து நின்றவளை ஒருமுறை பார்த்தார்.

"இல்லத்தா. யாரோ வெளியூரு போல."