இடது கைக்கு வேலை இல்லாத சைக்கிள்

இசக்கிபாண்டி சைக்கிளிலேயே ஏலகிரி மலை ஏறினான் என்பதைச் சண்முகசுந்தரம் மூன்று வருஷமாக நம்பவில்லை. நம்ப முடியவில்லையா, நம்பப் பிடிக்கவில்லையா என்பது அவருக்கே தெரியாது.

கம்பெனி சைக்கிள் குழுவோடு வேனில் போய்வந்த மெக்கானிக் மாரி சொன்ன கதை அது. பதினான்கு வளைவு. ஓரிடத்திலும் கால் ஊன்றவில்லையாம். இரண்டு கை உள்ளவர்களே இறங்கித் தள்ளிய மலை.

இசக்கிபாண்டிக்கு இடது கை மணிக்கட்டோடு சரி. வல்லம் வடகால் தொழிற்சாலையில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் போனது. அதிலிருந்து கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிற வேலை.

இப்போது மறுபடி மெஷின் லைனுக்கு வரக் கேட்டு மனு கொடுத்திருந்தான். ‘முடியுமா, முடியாதா’ என்று எழுத வேண்டியவர் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம். முடியாது என்று எழுதினால் ஆயுசுக்கும் கேட்டுதான்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மண்ணூரில் மாரியின் கடைக்குப் போனார்.

“வேன்ல கயிறு கட்டி இழுத்தியா மாரி? உண்மையைச் சொல்லு.”

“இன்னா சார், இன்னுமா டவுட்டு? அவன் வண்டி சர்வீசுக்கு வந்துகீது. நீங்களே பாத்துக்குங்க.”

சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கியது. இடது கைப்பிடியில் கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை. கையின் மொட்டை முனையை வைக்க ஒரு ரப்பர் கிண்ணம் மட்டும்.

“கியர் சைக்கிள்னா முன்னாடி ரெண்டு மூணு பல்சக்கரம் இருக்கும் சார். அத்த மாத்த எடது கை வேணும். எல்லாத்தையும் கழட்டிட்டு ஒண்ணே ஒண்ணு வுட்டேன். மொத்த வேலையும் பின்னாடி. ரெண்டு பிரேக்கும் வலது கையில ஒரே புடி.”

பின்னால் பத்துப் பல்சக்கரங்கள் அடுக்காக இருந்தன. பெரியது டிபன் தட்டு அகலம்.

சண்முகசுந்தரத்துக்கு எண்ணாமல் எதிலும் நம்பிக்கை வராது. எண்ணினார். முன்னால் முப்பத்திரண்டு பல். பின்னால் சின்னதில் பதினொன்று, பெரியதில் ஐம்பது.

சங்கிலி சின்னதில் இருக்க, பெடலை மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். சக்கரம் ஏறக்குறைய மூன்று சுற்று ஓடியது.

பெடலைச் சுற்றியபடியே வலது கட்டைவிரலால் கியரைத் தட்டத் தட்ட, சங்கிலி படிப்படியாக ஏறிப் பெரியதில் உட்கார்ந்தது. மறுபடி ஒரு சுற்று. சக்கரம் முக்கால் சுற்றுகூட வரவில்லை.

“மெதுவாத்தான் போவும் சார். ஆனா நிக்காது.”

முப்பது வருஷம் இரும்போடு புழங்கியவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே ஒரு கட்டைவிரல். அதை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறான்!

படிவத்தை எடுத்து, சைக்கிள் சீட்டின் மேலேயே வைத்து, ‘முடியும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“நல்ல மனசு சார் உங்களுக்கு. தப்பு பண்ணவனுக்கு யாரு சார் இப்டி எழுதித் தருவாங்க?”

“என்ன தப்பு?”

“கை போனதுதான் சார். ‘அவசரத்துல நாந்தான் கைய உட்டுட்டேன் அண்ணாச்சி’ன்னு அவனே சொன்னானே. என்கொயரிலயும் அப்டித்தான் எழுதிக் குடுத்தானாம்.”

அந்த என்கொயரியில் சண்முகசுந்தரமும் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை.

இப்போது திறந்தார்.

“கை உள்ள போனா மெஷினை நிறுத்துற சென்சாரை, டார்கெட்டுக்காக ஆஃப் பண்ணச் சொன்னது நான்தான்னு... அவன் உன்கிட்டகூடச் சொல்லலையா, மாரி?”