அரை லிட்டர்

ரேடியேட்டரை மாற்ற வண்டியை இரண்டு நாள் விட்டுப் போகச் சொன்னார் மெக்கானிக். மனைவி தங்காத்தாளுக்குச் சிறுநீர் பிரிவது நின்று எட்டு மாதமாகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அந்த இரண்டு நாள் எங்கிருந்து வரும்? தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டு ரேடியேட்டர் ஓட்டையை அடைத்து அடைத்தே கிழட்டுக் காரை ஓட்டிவந்தார் சென்னியப்பன். இன்று ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அது கொதித்து நின்றுவிட்டது. கை காட்டிய எந்த வண்டியும் நிற்கவில்லை. சூடு ஆறியதும் மூடியைத் திறந்து, கேனில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினார். போதவில்லை. பின்சீட்டில் வீங்கிய கால்களோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனைவி தன் பாட்டிலை நீட்டினாள். ஒரு நாளைக்கென்று டாக்டர் அளந்து கொடுத்த அரை லிட்டர்.

“உனக்குக் குடிக்க?”

“எனக்கு நாக்கு நனைஞ்சா போதுமுங்க. ஊத்துங்க.”

கடைசிச் சொட்டுவரை உதறி ஊற்றினார். அடைப்பு பிய்த்துக்கொண்டது. மஞ்சள் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடியது. சென்னியப்பன் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் ஓட்டையைப் பொத்தினார், விரலிடுக்கில் வழிந்தது. தங்காத்தாள் கதவைத் திறந்து, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க,” என்றாள். “எவ்வளவு லேசாப் போகுது பாருங்க.”