ஐந்தின் இடம்

“ஐந்து இங்கே இருக்கு. நீ நாலுலயே மூச்சு வாங்குறியே!” என்றது எண் அட்டை. அது பழைய வோல்ட் மீட்டர் ஒன்றிலிருந்து கழற்றப்பட்டு, பூரணி கையால் செய்துகொண்டிருந்த புது மீட்டருக்கு வந்தது.

ஈர்க்குச்சி முள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. முடியவில்லை.

“அவனைத் திட்டாதீங்கண்ணே. அஞ்சு வோல்ட்டுக்கு என்னால இழுக்க முடிஞ்சது அவ்வளவுதான்,” என்றது செம்புக் கம்பிச் சுருள். “பூரணி கையால சுத்தின சுருள் நான்.”

“கைவேலைன்னாலே இப்படித்தான். டேய் முள்ளு, அங்க பாரு, உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு.”

மேசையில் பித்தளைக் கம்பி ஒன்று முள்ளின் அளவுக்கு வெட்டி வைக்கப்பட்டிருந்தது. முள் நடுங்கியது.

பூரணி திருகுகளைக் கழற்றினாள். முள்ளை அவள் தொடவில்லை. அட்டையை உருவி, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்தாள். மறுபடியும் அதே ஐந்து வோல்ட்டைக் கொடுத்தாள். முள் பழைய இடத்திலேயே போய் நின்றது. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 5 என்று எழுதினாள்.

“ஒண்ணும் தெரியலையே. இப்ப எங்கடா நிக்கிற?” என்று குப்புறக் கிடந்தபடி கேட்டது அட்டை.

“அஞ்சுலதான், அண்ணே,” என்றது முள்.

பூரணி பித்தளைக் கம்பியை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.