பிலோமினாவின் முறை

ஏலக்காரர் முத்துகிருஷ்ணன் சங்கரா மீன் கூடையை மணலில் கவிழ்த்ததும் லூயிசா நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே மகள் ரெனிட்டா. பக்கத்தில் அவளுடைய காலேஜ் மேடம், செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

கணக்கையும் பொருளாதாரத்தையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கிறாள் ரெனிட்டா. "கணக்கு எவ்ளோன்னு கேக்கும்மா, எகனாமிக்ஸ் ஏன்னு கேக்கும்" என்று அவள் சொன்னபோது லூயிசாவும் சிரித்தவள்தான்.

அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "இத்தினி பேர் ஏலம் கேக்கறீங்க. நம்ம கரையில மட்டும் வெலை ஏன் ஏற மாட்டேங்குது?"

அன்றிலிருந்து லூயிசாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஏன் என்பது பட்டினப்பாக்கத்து மீன்காரிகளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் ஒருத்தி முறை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். சல்லிசாக எடுத்து, படகு மறைவில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை முதலில் கிளப்பியவளே லூயிசாதான்.

ஏலக்காரருக்குத் தெரிந்தால் கரையில் கால் வைக்க முடியாது. பெற்ற மகளே அதைப் பாடமாக்கி, மேடத்தை வேறு கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

இன்று பிலோமினாவின் முறை. "ஐந்நூறு" என்று முந்தானையைச் செருகினாள். கூட்டம் அடங்கியது.

மேடம் ஏதோ கேட்டார். ரெனிட்டா மீன்காரிகள் பக்கம் கையை நீட்டினாள்.

லூயிசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அறுநூறு!" என்று கத்தினாள்.

"இன்னாடி, பைத்தியம் கியித்தியம் பிடிச்சிகீதா ஒனக்கு?" பிலோமினா பல்லைக் கடித்தாள். கடித்த பல்லோடு "எழுநூறு" என்றாள்.

லூயிசா விடவில்லை. எண்ணூறு.

ஏறட்டும். விலை ஏறுவதை மேடம் கண்ணால் பார்க்கட்டும். பெண் சொன்னது தப்பு என்று நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேரட்டும்.

ஆயிரத்தில் பிலோமினா காறித் துப்பிவிட்டு விலகினாள்.

முத்துகிருஷ்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா லூயிசாக்கா, உங்க சங்கம் இன்னியோட கலைஞ்சிச்சா?"

அப்படியானால் இவருக்கும் தெரியும்.

ரெனிட்டா ஓடிவந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏம்மா இப்டி பண்ணே?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மீன் சீந்துவாரில்லாம கெடக்கற நாள்லயும் நீங்க ஒண்ணா சேந்து எடுத்துக்கறீங்கன்னுதான் ஏலக்கார மாமா தெரிஞ்சும் தெரியாத மாதிரி கீறாரு. அந்த 'ஏன்'தாம்மா என் ப்ராஜெக்ட்டே. அதைக் காட்டத்தான் மேடத்தை இட்டாந்தேன்."

லூயிசாவின் காலடியில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. பங்கு கேட்டு யாரும் வரவில்லை.

மணலில் தடுமாறிக்கொண்டு மேடம் அப்போதுதான் வந்து சேர்ந்தார். லூயிசாவை ஒரு பார்வை பார்த்தார், காரியத்தைக் கெடுத்தவளைப் பார்ப்பதுபோல.

"ரெனிட்டா, இதையெல்லாம் ஆரம்பிச்சு வெச்சதே எங்கம்மாதான்னு சொன்னியே. அவங்க யாரு?"

ரெனிட்டா லூயிசாவைப் பார்த்தாள்.

பிறகு, வெறுங்கூடைகளோடு ஒன்றாக நடந்துபோகும் பெண்களைப் பார்த்தாள்.

"அதோ போறாங்களே மேடம்" என்றாள், பிலோமினாவைக் காட்டி.