முகப்பு மாறவில்லை

"மாறிச்சா?" என்று போனில் கேட்டான் கணவன்.

"இல்ல. பழைய வரியேதான் நிக்குது," என்றாள் அவள்.

பிற்பகல் மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வெளியே மழை, வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அவன் அம்மா கண்ணயர்ந்திருந்தாள். திரைச்சீலை மெதுவாக உப்பி, மெதுவாக அடங்கியது. மேசைமேல் கணினி, அதில் 'அலமாரி'யின் முகப்புப் பக்கம்.

அலமாரி, சின்னச் சின்ன நூலகங்களுக்காக இருவரும் சேர்ந்து எழுதிய மென்பொருள். யாரும் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். நிரல் அவனுடையது. தோற்றமும் சொற்களும் அவளுடையவை. முகம் தெரியாத நண்பர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து அதைத் தங்கள் மொழிக்குப் பெயர்த்துக் கொடுப்பார்கள். நாளை புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்குள் முகப்பு வரியை மாற்ற வேண்டும். அது மாற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"கேச் வேலையா இருக்கும்," என்றான் அவன்.

ஒருமுறை தயாரித்த பக்கத்தைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்டால் அந்தப் பழையதையே எடுத்து நீட்டும் ஏற்பாடுதான் கேச். பயன்படுத்துகிறவர்களுக்கு அதனால் வேகம், உருவாக்குகிறவர்களுக்குத் தலைவலி. வேலை முடியும்வரை அதை அணைத்து வைக்க வேண்டும்.

"அமைப்புக் கோப்பைத் திற. கேச்னு ஒரு வரி இருக்கும். 'ஆம்'னு இருக்கறதை 'இல்லை'னு மாத்து."

மாற்றினாள். முகப்பில் 'சோதனை' என்று எழுதிச் சேமித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். 'அலமாரி உங்களை வரவேற்கிறது' என்று பழைய பக்கமே பல்லிளித்தது.

"ம்ஹூம். வண்டி கிளம்பிடுச்சா?"

"இன்னும் இல்ல. பெட்டியை மேல வச்சுட்டு உக்காந்திருக்கேன். டெம்ப்ளேட்டுக்குத் தனியா ஒரு கேச் இருக்கு பாரு, அதையும் அணை."

இந்த ரயில், அப்புறம் ஒரு விமானம், அப்புறம் இரண்டு வருடம். தூர தேசத்து வேலை. "போகட்டுமா?" என்று போன மாதம் அவன் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எந்தக் கணவனுக்கும் தெரியும். கம்ப்யூட்டரின் மனசையெல்லாம் படிக்கத் தெரிந்த இவனுக்கு மட்டும் தெரியவில்லை. அன்றிலிருந்து இருவரும் அலமாரியைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. மதியம் அவன் கிளம்பும்போதுகூட அவள் வாசலுக்கு வரவில்லை.

பக்கங்களின் அச்சான டெம்ப்ளேட்டின் கேச்சையும் அணைத்தாள். என்ன எழுதுவது? அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் விரல்கள் தாமாக நகர்ந்தன. தன் கண்ணுக்கே தெரியாத வரி வேறு யார் கண்ணில் படப்போகிறது?

'வேண்டாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்க இஷ்டம்னு வந்துடுச்சு.'

சேமித்தாள். புதுப்பித்தாள். அலமாரி உங்களை வரவேற்கிறது.

"மாறல," என்றாள். ஏமாற்றமா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுமுனையில் ஏதோ இழுபடும் சத்தம்.

"என்ன எழுதின?"

"சோதனைன்னுதான். வேற என்ன எழுதுவாங்க?"

பெரிய ஊதல் ஒன்று கேட்டது. பிறகு சக்கரங்களின் சத்தம், முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் விறுவிறுவென்று. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

"கிளம்பிட்டானாம்மா?" அடுத்த அறையிலிருந்து தூக்கக் குரல் வந்தது.

"கிளம்பிட்டார் அத்தை."

அவ்வளவுதான். சாம்பல் வெளிச்சத்தில் அறை மிதப்பதுபோல் இருந்தது.

"இருக்கியா?" என்றான் அவன். "இன்னொரு தடவை எழுதிப் பாரு. நீளமா எழுது. சின்னதா இருந்தா மாறினதே கண்ணுக்குத் தெரியாது."

இனி என்ன இருக்கிறது மறைக்க? எழுதினாள்.

'நீங்க இல்லாம இந்த வீட்டுல எந்த அறையில போய் உக்கார்றதுன்னே தெரியல. எனக்கு ரெண்டு வருஷம் தாங்காது. திரும்பி வந்துடுங்க.'

சேமித்தாள். புதுப்பித்தாள். அலமாரி உங்களை வரவேற்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, திரையின் மூலையில் ஒரு செய்தி முளைத்தது. எந்த நாட்டிலோ இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுதியிருந்தார்: 'புதிய முகப்பு வரிகள் மனதைத் தொட்டன. எங்கள் மொழியில் பெயர்த்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். கடைசி வரியில் திரும்பி வர வேண்டியது வாசகரா, புத்தகமா?'

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"ஏங்க... இந்தப் பக்கம் மத்தவங்களுக்குத் தெரியுதா?"

"எல்லாருக்கும் தெரியுது. உன் பிரவுசர் மட்டும்தான் பழைய பக்கத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கு. அதுக்கும் ஒரு கேச் உண்டு. முதல்ல அதைத்தான் அணைக்கச் சொல்லியிருக்கணும்."

"அப்ப நீங்களும்..."

"முதல் வரியிலேர்ந்து படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"ஐயோ! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா மூணாவது வரியை எழுதியிருப்பியா?" போனில் அவன் குரல் மிக அருகில் ஒலித்தது. "வண்டி போன சத்தம் கேட்டுச்சுல்ல? அதுல நான் இல்ல."