முட்டி வலிக்கார அக்கா

“இந்த அக்காவோட நடந்தா, நான் இளைச்ச மாதிரிதான்!”

ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள் தையல்காரி.

“என்னாச்சு?” பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான் கணவன்.

“பத்தடி நடந்தா ‘முட்டி வலிக்குது, கொஞ்சம் உக்காரலாமா’ங்கறாங்க. எழுந்து நாலடி வெச்சா ஷூ லேஸ் அவுந்துடுது. அதைக் கட்டி நிமிர்ந்தா, யாரோ கூட்டிட்டு வர்ற நாய்க்குட்டியைக் கொஞ்சணும். இது நடையா, ஊர்வலமா?”

“மாடிவீட்டு அக்கா ஒல்லிக்குச்சியாச்சே, அவங்களுக்கு எதுக்கு நடை?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்! மாடிப்படி இறங்கி வர்றதுக்குள்ளயே நெத்தியெல்லாம் வேர்த்து நிக்குது. சரியான சோம்பேறி உடம்பு!”

சோம்பேறி. தைராய்டு வந்த நாளிலிருந்து தையல்காரியே வாங்கிக் கட்டிக்கொண்ட பட்டம் அது.

அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே வாடிக்கையாளர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். “வாயைக் கட்டும்மா, தானா குறையும்.” “உக்காந்த இடத்துலயே மிஷினை மிதிச்சா உடம்பு ஏறாம என்ன செய்யும்?”

அவள் சிரித்து வைப்பாள். கோழி கொத்துகிற மாதிரி சாப்பிட்டும் உடம்பு ஊதுவதையும், விடிந்து எழும்போதே ஈர மூட்டை மாதிரி கனப்பதையும் எத்தனை பேரிடம் விளக்குவது? சொல்கிறவர்களின் இடுப்பு போன தடவையைவிடப் பெருத்திருப்பதையும் அவள் சொன்னதில்லை. தொழில் தர்மம்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

“மாத்திரை அளவைக் கூட்டியிருக்கேன். எடை சட்டுனு இறங்காது, மெதுவாத்தான் இறங்கும். நடையை மட்டும் விட்டுடாதீங்க.”

விடாமல் இருப்பதில்தான் சிக்கலே. ஜிம்முக்குப் போனாள், ஒரே வாரம். வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிள் வாங்கினாள், அதில் இப்போது துண்டு காய்கிறது. தனியாக நடந்து பார்த்தாள், அதுவும் நின்றது. அப்போதுதான் மாடிவீட்டு அக்கா கேட்டருகே பிடித்துக்கொண்டாள்.

“நானும் வரட்டுமாம்மா? எனக்கும் துணைக்கு ஆளில்லை.”

அன்று ஆரம்பித்தது. இரண்டு கிலோ இறங்கி, முள் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அக்காவும் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

“பேசாம கழட்டி விட்டுடு,” என்றான் கணவன்.

சாயந்திரமே மாடியேறிச் சொன்னாள். “நாளைக்கு நான் நடக்க வரலைக்கா. அவசரமா தைச்சுக் குடுக்கணும்.”

“அதுக்கென்னம்மா, வேலையைப் பாரு.”

மறுநாள் வெளுக்கும் முன்பே எழுந்து, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு, பூனை மாதிரி வெளியேறினாள். மைதானத்தில் கையை வீசி, எட்டி எட்டி நடந்தாள். ஆகா, இதுவல்லவா நடை!

பாதிச் சுற்றுதான். நெஞ்சு படபடவென்று அடித்தது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. கிடைத்த பெஞ்சில் பொத்தென்று விழுந்தாள்.

அப்போது ஒரு கூட்டம் ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால், கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, மான் மாதிரி ஓர் ஒல்லி உருவம். அரை இருட்டில் அவளைக் கவனிக்காமல் கடந்து போனது.

தையல்காரி கண்ணைக் கசக்கினாள். மாடிவீட்டு அக்கா!

முட்டி வலியாம், முட்டி வலி! இத்தனை நாளும் நடிப்பா? ஒரு தடிச்சி தள்ளாடுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். திரும்பி வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறேன்.

கூட்டத்தின் வாலில் வந்த வழுக்கைத் தலைக்காரர், பெஞ்சின் மறுமுனையில் வந்து சாய்ந்தார்.

“அந்தம்மாவைப் பிடிக்கவே முடியலைங்க!”

“தினமும் இப்படித்தான் ஓடுவாங்களா?” தையல்காரியின் குரலில் சூடு.

“தினமும்தான். எங்க குழுவுலயே அவங்கதான் முதல். என்ன பிரயோஜனம்? அடுத்த மாசம் பெரிய போட்டி வருது. இன்னும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடிப் பழகினா ஜெயிச்சுடலாம். ஆனா பேரே குடுக்க மாட்டேங்கறாங்க. பாதியிலயே வீட்டுக்குக் கிளம்பிடறாங்க.”

“ஏன்?”

“கீழ்வீட்டுல ஒரு தங்கச்சி இருக்காங்களாம். தைராய்டாம், பாவம். அவங்களோட நடக்கணுமாம். ‘அவ ரோஷக்காரி. மூச்சு வாங்கினாலும் உக்காரலாமான்னு வாய் திறக்க மாட்டா. முடியாம ஒரு நாள் நின்னுட்டா, அப்புறம் வரவே மாட்டா. அதனால நான்தான் முதல்ல உக்காரணும்’னு சொல்றாங்க.”

மைதானத்தின் அந்தக் கோடியில் அக்கா திரும்புவது தெரிந்தது.

தையல்காரி எழுந்தாள்.

“சார், போட்டிக்கு அவங்க பேரைக் குடுத்துடுங்க.”

“ஐயையோ! அந்தத் தங்கச்சி?”

“அவளுக்கு இனிமே மூச்சு வாங்கினா, வாயைத் திறந்து அவளே சொல்லிடுவா.”