உமிக்கரி போடாத பக்கம்

"ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் காட்டுதுங்க!" என்று சொல்லிவிட்டு லாவண்யா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழாத குறை.

விவசாயக் கல்லூரியில் மேல்படிப்பு படிக்கிற பெண். தண்ணீர் நிற்கிற நெல் வயலிலிருந்து ஒரு வாயு கிளம்பி உலகத்தையே சூடாக்குகிறதாம். மண்ணில் உமிக்கரி கலந்தால் அது குறையுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வரப்புக்கு இந்தப் பக்கம் கரி, அந்தப் பக்கம் வெறும் மண். 2008 சம்பா போகம் முழுக்க வாரம் தவறாமல் பஸ் பிடித்து ஆரணிக்கு வந்தாள். பயிர் மேல் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, ஊசியால் காற்றை உறிஞ்சி எடுத்துப் போனாள். 'பயிருக்கு ஊசி போடற டாக்டரம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்தப் பக்கத்துத் துண்டு நிலம் பரசுராமனுடையது. அந்தப் பக்கம் அவர் தம்பி வேணுகோபாலுடையது. இருவருக்கும் பட்டு நெசவு, ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

"ஒண்ணா காட்டினா இன்னாம்மா ஆவும்?" என்றார் பரசுராமன்.

"கரியால பிரயோஜனம் இல்லன்னு எழுதி மூடிட வேண்டியதுதான். ஒரு வருஷ உழைப்பு போச்சு. ஆனா ஒண்ணு புரியல. வெறும் மண்ணுல இதைப் போல ரெண்டு பங்கு வாயு வரணும். அந்தப் பக்கமும் எப்படிக் குறைஞ்சுது? யாராவது எதையாவது போட்டீங்களா?"

வேணுகோபால் தொண்டையைக் கனைத்தார். அண்ணன் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றார்.

"அவரைக் கேளும்மா. அவரு வூட்டம்மா என் கழனியில இன்னா பண்ணாங்கன்னு கேளு."

"இன்னா பண்ணாளாம்? அதையும் அவனையே சொல்லச் சொல்லும்மா."

"நடவுக்கு முன்னாடி சேறு கலக்கின அன்னைக்கு, விடியகாத்தால கூடையும் கையுமா என் கழனியில எறங்கி எதையோ தூவிகினு இருந்தாங்க. என் ஆளு முருகேசன் கண்ணால பாத்தான். செய்வினை! பேஜாரு வேணாம்னு நான் வாயத் தொறக்கல. நாலு மூலைக்கும் பூசணிக்கா ஒடச்சேன். அதாலதான் பயிரு பொழச்சுது."

பரசுராமனுக்கு முகம் சுண்டிவிட்டது. இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. மனைவி அபிதகுசாம்பாளின் வாய் தெருவுக்கே தெரியும். ஓரகத்தி, வேணுகோபால் மனைவி ஹேமலதாவோடு குழாயடியில் அவள் போடாத சண்டை கிடையாது. ரைஸ் மில்லிலிருந்து உமிக்கரி வந்து இறங்கிய அன்று லாவண்யாவையும் விட்டாளில்லை. "ஏம்மா, மண்ணுக்குப் பல்லு விளக்கி விடப் போறியா?" என்று கேட்டவள்.

பேர் சொன்னதும் வந்த மாதிரி, அபிதகுசாம்பாளே டீத் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

"ஏண்டி, நீ அவன் கழனியில எறங்கினியா?"

"எறங்கினேன்."

"இன்னாத்த போட்ட?"

அவள் நிதானமாக டீயை ஆற்றி லாவண்யா கையில் கொடுத்தாள். "கரிதான். மில்லுல சும்மாதான கொட்டி வெச்சிருக்கான்? தண்ணி தெளிச்சு ஊற வெச்சுதான் போடணும்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சே, அதே மாதிரிதான் போட்டேன். ஈரக்கரி, யப்பா, கூடைக்குக் கூடை கழுத்தை ஒடிச்சிடுச்சு."

லாவண்யா டீயை அப்படியே வரப்பில் வைத்துவிட்டாள். "ஏம்மா இப்படிப் பண்ணீங்க? அந்தப் பக்கம் ஒண்ணுமே போடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! ரெண்டு வீட்டுக்கும் பேச்சே இல்ல, இந்தப் பக்கத்துது அந்தப் பக்கம் போகவே போகாதுன்னு நம்பித்தானே உங்க நிலத்த எடுத்தேன்!"

"நீ சொன்ன அன்னைக்கே எனக்கு மனசு கேக்கல. அதென்னா, ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு? என் பக்கம் பயிரு கருகருன்னு நின்னு, ஹேமா பக்கம் வெளுத்துப் போயி நின்னா, குழாயடியில எந்த மூஞ்சிய வெச்சிகினு அவகூட சண்ட போடறது?"

பரசுராமன் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பினார். வேணுகோபால் நடுவில் ஆள் வைக்க மறந்து போய், "சொல்லிட்டுப் போட்டிருக்கலாமே அண்ணி?" என்றார்.

"சொன்னா வாங்கியிருப்பியா நீ? ரோஷக்காரன்!"

லாவண்யா சட்டென்று எழுந்தாள். "இருங்க, இருங்க. அப்போ ரெண்டு பக்கமும் கரி. ரெண்டு பக்கமும் வாயு கம்மி. கரி நல்லா வேலை செய்யுதுங்க! ஒப்பிட்டுக் காட்ட வெறும் மண்ணுதான் இல்ல. அடுத்த போகம் ஓடைக்கு அந்தாண்ட ஒரு கழனி பிடிச்சுட்டா போதும்."

"பிடி, பிடி. ஆனா என் கண்ணுல படாம பாத்துக்கோ" என்றாள் அபிதகுசாம்பாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மீதி டீயை ஊற்றி நீட்ட, தம்பி வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்ததும் அவருக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது.

"அண்ணி, இது நம்மளோடயே இருக்கட்டும். நீங்க வந்து போட்டது ஹேமாவுக்குத் தெரிஞ்சுதுன்னா வூட்டயே ரெண்டு பண்ணிடுவா."

அபிதகுசாம்பாள் காலித் தூக்கை மூடினாள்.

"அது சரி. அத்தினி பாரக் கூடைய நான் ஒருத்தியா தூக்கி தலையில வெச்சிகினேன்னா நெனச்ச? ஒவ்வொரு கூடையும் அவதான் தம்பி தூக்கி வுட்டா."